அழைக்கும் வரியை வாசித்துப் பார்த்துப் பெயர் வையுங்கள்

தேவிபட்டினத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். அப்பாவின் மீன் கொள்முதல் கணக்குக்காகப் பைதானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறார். அது ஓடுகிறது, கணக்கும் சரியாக வருகிறது. கல்லூரி சீனியர் ஒருவரிடம் காட்டியபோது, "ஓடுது, ஆனா பைதான் மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டாராம். ஃபங்ஷன் எனும் நிரல்துண்டுக்கு அனுப்பும் மதிப்புகளான ஆர்க்யூமென்டுகளை எந்த வரிசையில் வைப்பது, எத்தனை வைக்கலாம், எதற்கு டிஃபால்ட் (அழைப்பவர் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுக்கலாம், பெயரைத் தமிழில் வைத்தால் தப்பா, இதற்கெல்லாம் விதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. எப்படி எழுதினாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்றைச் சரி என்றும் இன்னொன்றைச் சரியில்லை என்றும் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் வாங்கி அனுப்புகிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். பைதான், கோ, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் சம்பளத்துக்கு எழுதியிருக்கிறேன். மற்ற மொழிகளைப் பற்றி இங்கே சொல்வது படித்ததையும் சிறிய அளவில் எழுதிப் பார்த்ததையும் வைத்துத்தான். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபங்ஷனை ஒரு தடவைதான் எழுதுகிறோம். அழைப்பது நூறு இடத்தில். அழைக்கும் இடத்தில் இருப்பவர் கண்ணுக்கு ஃபங்ஷனின் உள்ளே இருப்பது தெரியாது. அந்த ஒரு வரிதான் தெரியும். ஸ்விஃப்ட் மொழியின் வடிவமைப்பு வழிகாட்டி, பயன்படுத்தும் இடத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் தன் தலையாய நோக்கமாக வைத்திருக்கிறது. பைதானுக்கும் அதையே அளவுகோலாக வைக்கலாம் என்பது என் கருத்து. உங்கள் கேள்வியில் இருந்த வரியையே எடுத்துக்கொள்வோம்:

கொள்முதல்("நண்டு", 42.5, 380, 2, ட்ரூ, ஃபால்ஸ்)

இதை எழுதிய உங்களுக்கு 42.5 கிலோ நண்டு, கிலோ 380 ரூபாய், பெட்டிக்குக் கழிவு 2 கிலோ என்று தெரியும். கடைசி இரண்டும் ஐஸ் செலவு சேர்ந்ததா, முன்பணத்தில் கழிப்பதா என்பவை. ஆறு மாதம் கழித்து உங்களுக்கே இது தெரியாது. இதைவிடப் பெரிய ஆபத்து எடையும் விலையும் இடம் மாறிப்போவது. 42.5-ஐ 380-ஆல் பெருக்கினாலும் 380-ஐ 42.5-ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். கழிவு இல்லாத சரக்காக இருந்தால் தொகை துல்லியமாக வரும், நீங்கள் எழுதிய சோதனைகளும் தேறிவிடும். மாதக் கடைசியில் எடைப் பட்டியலைக் கூட்டும்போதுதான் ஒரே வள்ளத்தில் 380 கிலோ நண்டு வந்ததாகக் காட்டும். கழிவு இருந்தால் உடனே பணத்தில் இடிக்கும்: சரியான வரிசையில் 40.5 கிலோவுக்கு 15,390 ரூபாய், மாறிய வரிசையில் 378-ஐ 42.5-ஆல் பெருக்கி 16,065 ரூபாய். பைதான் இரண்டையும் வாய் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதன் பார்வையில் இரண்டும் எண்கள்தானே.

அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்:

கொள்முதல்("நண்டு", எடை_கிலோ=42.5, கிலோ_விலை=380, கழிவு_கிலோ=2, ஐஸ்_சேர்த்து=ட்ரூ)

இப்போது வரிசை மாறினாலும் பொருள் மாறாது. இப்படிப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் பைதானில் வழி உண்டு. ஃபங்ஷன் வரையறையில் முதல் ஆர்க்யூமென்டுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அதற்கப்புறம் வருபவை எல்லாம் பெயரோடு வந்தால்தான் உள்ளே விடும். 2008-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. நேர் எதிரானதும் உண்டு: 2019-இல் வந்த 3.8-இலிருந்து சாய்கோடு போட்டால், அதற்கு முந்தையவற்றைப் பெயர் சொல்லி அழைக்கவே முடியாது. பெயரைப் பின்னால் மாற்ற நேரும் என்று நினைக்கும் இடத்தில் அது உதவும். உங்கள் நிரலுக்கு நட்சத்திரம் போதும். எதைப் பெயரில்லாமல் விடலாம் என்றால், ஃபங்ஷனின் பெயரை வாசித்ததுமே 'எதை?' என்று மனம் கேட்கிறதே, அதற்கான விடையை மட்டும். கொள்முதல் என்றால் எதை? நண்டை. மற்றதெல்லாம் பெயரோடு வரட்டும்.

ட்ரூ, ஃபால்ஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: பெயரில்லாத பூலியனை, அதாவது ஆம்/இல்லை மதிப்பை, ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஒரு பூலியன் உள்ளே போய் ஃபங்ஷனை முழுதாக இரண்டு வேலைகளாகப் பிரிக்கிறது என்றால், அது ஒரு ஃபங்ஷனே அல்ல. ரொக்கக் கொள்முதலும் முன்பணத்தில் கழிக்கும் கொள்முதலும் உங்கள் அப்பாவின் நோட்டில் வேறு வேறு பக்கத்தில்தானே எழுதப்படும்? நிரலிலும் அவை இரண்டு ஃபங்ஷன்களாக இருக்கட்டும்.

வரிசைக்கு வருவோம். எல்லா மொழிக்கும் பொதுவான ஒரே வரிசை கிடையாது. ஒவ்வொரு மொழியிலும் அதன் அமைப்பிலிருந்து பிறந்த பழக்கம் இருக்கிறது. சி மொழியில் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பியில் சேருமிடம் முதலில், மூலம் பிறகு, ஏனென்றால் மதிப்பைப் போடும்போது இடப்பக்கத்தில்தான் சேருமிடம் வரும். கோப்பை நகலெடுக்கும் யூனிக்ஸின் சிபி கட்டளையில் மூலம் முதலில். கோ மொழியில் வேலையின் காலக்கெடு, ரத்து போன்றவற்றைச் சுமக்கும் கான்டெக்ஸ்ட் என்பது முதல் ஆர்க்யூமென்டாக வரும், எரர் கடைசி விடையாகத் திரும்பும். அதை மீறி எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். எலிக்சரில் தரவு முதலில் வருகிறது, குழாய்க்குறி அதைத்தான் அடுத்த ஃபங்ஷனுக்குத் தள்ளும் என்பதால். ஹாஸ்கெலில் தரவு கடைசியில், பாதி ஆர்க்யூமென்டுகளை மட்டும் கொடுத்துப் புதிய ஃபங்ஷன் செய்துகொள்வது அங்கே அன்றாடம் என்பதால். ஒரே மொழிக்குள்ளேயே பழக்கம் உடைந்து கிடப்பதும் உண்டு. பிஹெச்பியில் சரத்துக்குள் தேடும்போது தேடப்படும் இடம் முதலில் வரும், அணிக்குள் தேடும்போது தேடும் பொருள் முதலில் வரும். அதில் வேலை செய்பவர்கள் இன்றும் ஒவ்வொரு தடவையும் கையேட்டைத் திறந்து பார்க்கிறார்கள். ஆக, உங்கள் மொழியின் நிலையான நூலகத்தில் இதே போன்ற வேலை எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்து அதன்படி போங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் நிரலுக்குள் எங்கும் ஒரே வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை தப்புவதால் வரும் தொல்லைகளில் நம் கடற்கரைக்கே உரிய ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படகின் இடத்தை வரைபடத்தில் காட்டும் வேலை என்றாவது உங்களுக்கு வரும். அட்சரேகை முதலிலா, தீர்க்கரேகை முதலிலா? லீஃப்லெட் என்ற வரைபட நூலகமும் கூகுள் மேப்ஸும் அட்சரேகையை முதலில் கேட்கும். இடத்தகவலை எழுதும் ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகைதான் முதலில், 2016-இல் வந்த அதன் தரநிலை அப்படித்தான் சொல்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலும் அதே வரிசை. பாம்பன் சுமார் 9.28 வடக்கு, 79.2 கிழக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் 79.2 வடக்கு, 9.28 கிழக்கு, அதாவது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். டோக்கியோக்காரர் இதே தப்பைச் செய்தால் நிரலே பிடித்துவிடும், ஏனென்றால் அவருடைய தீர்க்கரேகை 139, அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு முழுவதும் தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் எல்லைச் சோதனை எதுவும் நம் தப்பைப் பிடிக்காது. வரைபடம் இருந்தால் கண்ணில் படும். தூரம் மட்டும் கணக்கிட்டு இலங்கைக் கடல் எல்லைக்கோடு நெருங்குகிறது என்று எச்சரிக்கும் நிரலாக இருந்தால்? இரண்டு புள்ளியும் ஒன்றுபோல மாறியிருந்தால் தூரம் நம்பும்படியான ஓர் எண்ணாகவே வரும், ஆனால் தப்பாக வரும். பாக் நீரிணையில் அந்த எண்ணை நம்பிப் போகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டு எண்களை நான் தனித்தனி ஆர்க்யூமென்டுகளாக எங்கேயும் விடுவதில்லை. இடம் என்று ஒரு டேட்டாகிளாஸ் செய்து, அதற்குள் இரண்டையும் பெயரோடு வைத்து, அதையே அனுப்புகிறேன்.

பெயரில் அலகைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது, ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு விசை-வினாடியில் கொடுத்த எண்ணை மறுபக்கம் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டதால். நம் ஊரிலும் அலகுக்குப் பஞ்சமில்லை. ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்வார்கள், கருவி மீட்டரில் காட்டும். கரையிலிருந்து 3 கடல் மைல் என்றால் கிலோமீட்டரில் அது 5.556. தூரம்=3 என்று இருந்தால் எதை நம்புவது? தூரம்_கடல்மைல்=3 என்று இருந்தால் கேள்வியே எழாது. திசைக்கும் இதே கவனம் வேண்டும். காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, வானிலை அறிக்கையிலும் அப்படித்தான். நீரோட்டத்துக்கோ கடலியலில் அது போகும் திசையைச் சொல்வார்கள். இரண்டையும் காற்று_திசை, நீரோட்ட_திசை என்று ஒரே அச்சில் பெயர் வைத்து ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், எழுதியவர் கவனமாக இருந்தாலும் அடுத்தவர் கட்டாயம் இடறுவார். காற்று_வரும்_திசை, நீரோட்டம்_போகும்_திசை என்று இரண்டு சொல் நீளமாக வைப்பதில் நட்டமில்லை.

அடுத்து டிஃபால்ட். இதில் பைதானுக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. டிஃபால்ட் மதிப்பை ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் பைதான் கணக்கிடும். பட்டியல்=[] என்று வைத்தால், முதல் படகின் மீன்கள் விழுந்த அதே பட்டியலில்தான் இரண்டாவது படகின் மீன்களும் விழும். உங்கள் நிரலில் இருந்த தேதி=இன்று() அதைவிடக் கள்ளமானது. நிரல் தொடங்கிய நாள் அதில் உறைந்துவிடும். கடையில் கம்ப்யூட்டரை அணைக்காமல் நான்கு நாள் ஓடவிட்டால், நான்கு நாள் கொள்முதலும் முதல் நாள் தேதியிலேயே பதிவாகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: டிஃபால்டை நன் (எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) என்று வைத்து, ஃபங்ஷனுக்கு உள்ளே அது நன் தானா என்று பார்த்து அப்போது உருவாக்குங்கள். பைதானில் எழுதுகிற எவரும் இதை ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள். சீனியர் சொன்னதில் இதுவும் அடங்கியிருக்கும்.

எதற்கு டிஃபால்ட் கொடுக்கக் கூடாது என்பது மொழியைத் தாண்டிய கேள்வி. மீன்பிடித் தடைக்காலத்தைச் சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் எழுதி, கரை="கிழக்கு" என்று டிஃபால்ட் வைக்கத் தோன்றும். பாக் நீரிணையோ மன்னார் வளைகுடாவோ, இரண்டுமே கிழக்குக் கடற்கரைக் கணக்குதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே ஒருவர் இதைப் பயன்படுத்தினால், எந்தப் பிழையும் காட்டாமல் தப்பான விடை வரும். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. ஆகவே படகு_வகை என்பதையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். 2017-க்கு முன் தடை 45 நாளாக இருந்ததால், பழைய கணக்கைத் திருப்பிப் பார்க்கும் வசதி வைக்கிறீர்கள் என்றால் ஆண்டும் தேவைப்படும். என் அளவுகோல் இது: டிஃபால்ட் தப்பாகப் போனால் திரையில் அழகு குறையும் அளவுக்குத்தான் பாதிப்பு என்றால் கொடுக்கலாம். பணமோ சட்டமோ உயிரோ மாறும் என்றால் கொடுக்காதீர்கள், அழைப்பவரே சொல்லட்டும். கமிஷன் சதவீதம் இரண்டாவது வகை.

எழுத்துப் பழக்கங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம், இவை தெளிவாக எழுதி வைக்கப்பட்டவை. பைதானுக்கு 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடை வழிகாட்டி இருக்கிறது: ஃபங்ஷனும் மாறியும் சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு, வகுப்புக்கு ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி ஒட்டி வரும், மாறிலிக்கு முழுவதும் பெரிய எழுத்து. ரஸ்டில் இதை மீறினால் கம்பைலரே எச்சரிக்கும். ரூபியில் ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும் ஃபங்ஷனின் பெயர் கேள்விக்குறியோடு முடியும். ஜாவாவில் கெட் என்று தொடங்குவது வழக்கம், கோவில் அந்த முன்னொட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பைதானில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நயம், சார்ட், சார்ட்டட் என்ற இணை. முதலாவது இருக்கும் பட்டியலையே அடுக்கிவிட்டு எதையும் திருப்பித் தராது; இரண்டாவது மூலத்தைத் தொடாமல் புதிய பட்டியலைத் தரும். உங்கள் ஃபங்ஷன்களும் இதைப் பின்பற்றட்டும். கணக்கில் எதையாவது மாற்றினால் ஏவல் வினை: பதிவு_செய், கழி. எதையும் மாற்றாமல் விடை மட்டும் சொன்னால் பெயர்ச்சொல்: நிகர_எடை, பாக்கி.

தமிழில் பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு, முடியுமா என்பது மொழியைப் பொறுத்தது. பைதானில் 3.0-இலிருந்து முடியும், ஜாவாஸ்கிரிப்டில் முடியும், ரஸ்டில் 2021-இலிருந்து முடியும். கோவில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது பெயருக்குள் யூனிகோடின் எழுத்து வகையை மட்டும்தான் அனுமதிக்கிறது; நம் துணையெழுத்துகளும் புள்ளியும் யூனிகோடில் அந்த வகையில் இல்லை. போதாததற்கு, பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் பெயர் வெளியே தெரியும் என்பது அங்கே விதி, தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. இன்னொரு நுணுக்கம் உங்கள் ஃபங்ஷன் பெயரிலேயே இருக்கிறது. கொள்முதல் என்பதில் உள்ள கொ-வின் துணையெழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைதான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றாக்காது, அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். வேறு வேறு விசைப்பலகையில் தட்டும் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

வைக்க வேண்டுமா என்பதில் நான் சொல்வது என் கருத்து மட்டும்தான், அனுபவசாலிகளே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். நீங்களும் அப்பாவும் மட்டும் தொடும் பைதான் நிரல் என்றால் தமிழிலேயே வையுங்கள், வாசிக்கச் சுகமாக இருக்கும். நாளை வெளியாள் சேர்வார், வேலைக்குக் காட்டுவீர்கள் என்றால், வினைகளை ஆங்கிலத்தில் வைத்து, துறைக்கே உரிய பெயர்களை மட்டும் நம் சொல்லாகவே விடுங்கள். சங்காயம் என்பதைக் கழிவு மீன் என்ற பொருளில் ஆங்கிலப்படுத்தினால், கோழித்தீவனத்துக்கு விலை போகும் சரக்கு குப்பைக் கணக்கில் போய் உட்காரும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது மட்டும் எழுத்துக்கூட்டலை ஒரு கோப்பில் நிர்ணயம் செய்துவிடுங்கள். மீன் என்பதை ஒருவர் இரண்டு ஈ போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒரு ஐ போட்டு எழுதுவார். ஒரு ஐ போட்டால் அது பைதானில் ஏற்கெனவே இருக்கும் 'குறைந்த மதிப்பு' ஃபங்ஷனின் பெயராகி, அதை மறைத்துவிடும்.

எத்தனை ஆர்க்யூமென்ட் வரை சரி என்பதற்கு உறுதியான எண் எதையும் நான் நம்பவில்லை. நிரலைச் சரிபார்க்கும் பைலின்ட் கருவி ஐந்துக்கு மேல் போனால் எச்சரிக்கும், அதுவும் மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புதான். பெயரோடு வரும் எட்டு ஆர்க்யூமென்டைவிட, பெயரில்லாமல் அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள் எனக்கு அதிகப் பயம் தரும். பெயரின் நீளமும் இப்படித்தான். கோ எழுதுபவர்கள் ஓரெழுத்துப் பெயரை விரும்புவார்கள், மூன்று வரிக்குள் பிறந்து மறையும் பெயருக்கு அது பொருந்தும். கோப்பு முழுக்க அலையும் பெயருக்குப் பொருந்தாது.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை எப்படி மாற்றுவது. முதலில் பழைய கணக்கில் ஒரு மாதத்தை எடுத்து விடைகளைப் பத்திரப்படுத்துங்கள். தொகை மட்டும் போதாது, எடையும் வேண்டும். பிறகு கொள்முதல் வரையறையில் நட்சத்திரத்தைப் போடுங்கள். பழைய மாதிரி அழைக்கும் ஒவ்வொரு வரியும் டைப்எரர் கொடுத்து நிற்கும், ஒவ்வொன்றாகப் பெயர் சேர்த்துத் திருத்தி, பழைய விடைகளோடு ஒப்பிடுங்கள். ஃபங்ஷனின் பெயரையே மாற்றினால், பழைய பெயரைக் கொஞ்ச காலம், புதியதையே அழைக்கும் ஓர் உறையாக விட்டு, அதிலிருந்து எச்சரிக்கை கொடுக்கலாம். அதற்கு டெப்ரிகேஷன்வார்னிங் என்ற எச்சரிக்கை வகையைப் போடாதீர்கள், நேரடியாக ஓட்டும் கோப்பைத் தவிர மற்ற இடங்களில் பைதான் அதைக் காட்டாமல் விழுங்கிவிடும். ஃப்யூச்சர்வார்னிங் போட்டால் காட்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு வரத்து மட்டும்தான் இருக்கும் என்பதால் பதிவுகள் குறைவு. ஜூன் 15-க்கு மேல் விசைப்படகுகள் இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.